கிழிக்காத ஒரு ஜோடி

ஆம்பூர் பைபாஸ் ஓரத்தில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனி. அங்கே வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு ஷூ அறுப்பார்கள். கோழி அறுக்கிற மாதிரிதான். சொல்லப்போனால் கோழிக்காவது கொஞ்சம் மரியாதை உண்டு. அறுத்த பிறகு நாலு பேர் ருசித்துச் சாப்பிடுவார்கள். ஷூவுக்கு அந்தக் கொடுப்பினையும் கிடையாது.

விஷயம் இதுதான். தைத்து முடித்த ஷூவை விளக்குக்குக் கீழே பிடித்துப் பார்ப்பார்கள். ஒரு தையல் அரை நூல் விலகியிருக்கும். இடது கால் பழுப்புக்கும் வலது கால் பழுப்புக்கும், கழுகே கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தால்தான் தெரியும், ஒரு சாயல் மாறியிருக்கும். உடனே ரிஜக்ட். அதைக் குறைந்த விலைக்கு விற்கக் கூடாது. தைத்தவளுக்குக் கொடுக்கக் கூடாது. தானமாகக்கூடக் கொடுக்கக் கூடாது. ஏனென்றால் ஷூவின் நாக்கில் வெளிநாட்டுக் கம்பெனியின் பெயர் பொன் எழுத்தில் அச்சடித்திருக்கிறது. அந்த ஊரில் அதன் விலை இருபத்தைந்தாயிரம் ரூபாய். அவ்வளவு கொடுத்து வாங்கிய துரை, அதே ஷூவை மூட்டை தூக்குகிறவன் காலில் பார்த்துவிட்டால் நடுத்தெருவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிடுவானாம். அந்த ஒரு உயிரைக் காப்பாற்றத்தான் ஆம்பூரில் கத்தி. நுனியிலிருந்து குதிகால் வரை ஒரே இழுப்பு. அதை வீடியோ எடுத்து அனுப்பினால்தான் ஆர்டர் கொடுத்த பையருக்கு அன்றைக்குத் தூக்கம் வரும்.

அந்தக் கத்தி கிறிஸ்டினாவின் கையில் இருந்தது.

இருபது வருஷம் தையல் லைனில் உட்கார்ந்திருந்தவள். அவள் தைத்த ஷூக்களை வரிசையாக வைத்தால் ஆம்பூரில் ஆரம்பித்து வேலூர் கோட்டையை மூன்று சுற்றுச் சுற்றி, மிச்சத்தை அகழியில் போடலாம். நாற்பத்தாறு வயதில் வெள்ளெழுத்து வந்தது. ஊசிமுனை இரண்டாகத் தெரிந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு தைக்கிறேன் என்று கெஞ்சினாள். "லைன் ஸ்லோ ஆயிடும்மா" என்று ஸ்க்ராப் ரூமுக்கு மாற்றிவிட்டார்கள். இருபது வருஷம் தைத்த கைக்கு, தைத்ததைக் கிழிக்கும் வேலை. இந்த யோசனை பிசாசுக்கே வந்திருந்தாலும் அது கொஞ்சம் வெட்கப்பட்டிருக்கும்.

வெள்ளிக்கிழமை இரவில் அவள் சாப்பிடுவதில்லை.

"களி ஆறுது கிறிஸ்டி. கருவாட்டுக் கொழம்பு வேற. நாலு தெரு நாய்ங்க வாசல்ல ஜெபம் பண்ணிட்டு நிக்குது" என்பான் அவள் புருஷன் ஜான்சன். ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். அவன் "வாணியம்பாடி, வாணியம்பாடி" என்று கூவினால் வாணியம்பாடியில் இருப்பவர்களே திரும்பிப் பார்ப்பார்கள்.

"எனக்கு வேணாங்க."

"இன்னா வேணாம்? கத்தி புடிச்ச கை வலிக்குதா?"

"கை வலிக்கல. குமட்டுது. அறுக்கும்போது ஒரு சத்தம் வருது பாருங்க, புதுத் தோலு. சர்ருனு. அந்த வாசன மூக்குலியே நிக்குது. இன்னிக்கு நூத்திப்பத்து ஜோடி. அத்தினியும் நல்ல ஜோடி."

"அப்ப வுட்டுடு. ஆட்டோ ஓடுதுல்ல."

"ஆட்டோ ஓடுது, அரிசி ஓடி வருதா? நாப்பத்தாறு வயசு பொம்பளைய எந்தக் கம்பெனில சேப்பான்? கேட்லியே ஆதார் கார்டப் பாத்துட்டு, போம்மா போய் பேரன் கொழந்தையப் பாத்துக்கோன்றான். நமக்கு இன்னும் பொண்ணுக்கே கல்யாணம் ஆவல."

ஜான்சன் களியை உருட்டி அவள் வாயருகே கொண்டுபோனான். அவள் வாங்கிக்கொண்டு, அவன் அந்தப் பக்கம் திரும்பியதும் நாய்களிடம் போட்டாள். நாய்களின் ஜெபம் கேட்கப்பட்டது.

இப்படி இருக்கும்போதுதான் அறுப்பின் பண்டிகை வந்தது.

எங்கள் பேட்டைச் சபையில் இந்தப் பண்டிகைக்கு அவரவர் விளைச்சலில் முதல் பலனைக் கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் வைப்பது வழக்கம். பிறகு அதை ஏலம் விடுவோம். விளைச்சல் இருந்த காலத்தில் ஏற்பட்ட வழக்கம் அது. இப்போது சபையில் யாருக்கும் நிலம் கிடையாது, தொட்டியில் துளசி வைக்கக்கூட இடமில்லை. ஆனாலும் முதல் பலன் குறைவதில்லை. போன வருஷம் பதினேழு பூசணிக்காய் வந்தது. பதினேழும் பஜாரில் ஒரே கடை. மூன்றில் கடைக்காரன் சுண்ணாம்பால் போட்ட எடைக்குறிகூட அழியவில்லை. அதையே நாங்கள் பக்தியோடு பாடிக்கொண்டு சுமந்துபோனோம்.

இந்த வருஷம் அதுவும் போதவில்லை. சபைக்குப் பொருளாளர் ஆல்வின். கிறிஸ்டினா வேலை செய்யும் கம்பெனியில் அவர்தான் புரொடக்‌ஷன் மேனேஜர். ஞாயிற்றுக்கிழமை "சிஸ்டர் கிறிஸ்டினா" என்பார். திங்கட்கிழமை அது "ஏம்மா" ஆகிவிடும். அவர் பெரிய மனது பண்ணி ஒரு ஃப்ரிட்ஜ் கடைக்காரரைப் பிடித்துப் பண்டிகைக்கு ஸ்பான்சர் ஆக்கினார். சபை வளாகத்து வேப்பமரத்தடியில் கடை போட்டு, ஞானஸ்நானம் கொடுக்கிற மாதிரி ஃப்ரிட்ஜுகளை வரிசையாக நிற்கவைத்திருந்தார்கள். "கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக, ஜீரோ பர்சென்ட் வட்டியில்" என்று பேனர். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. எனக்கு அதுதான் இன்னும் பொறுக்கவில்லை. பலிபீடத்துக்குப் பின்னால், சிலுவையை மறைத்து, ஒரு எல்இடி திரை. அதில் ஏசி மெஷின் விளம்பரமும் சங்கீதமும் மாறி மாறி ஓடின.

பண்டிகைக்கு முந்தைய ஞாயிறு பாஸ்டர் பிரசங்கம் பண்ணினார். சின்ன வயசு. திமிரிப் பக்கம் வேர்க்கடலை போடுகிற குடும்பத்துப் பிள்ளை. பூசணிக்காய்க் கதையைக் கேள்விப்பட்டு நொந்துபோயிருந்தார்.

"கடையில வாங்குனத கொண்டுவந்து கடவுள ஏமாத்தாதீங்க. உங்க கை எத செய்யுதோ அதக் கொண்டாங்க" என்றார். பிறகு பழைய சட்டம் ஒன்றை எடுத்துச் சொன்னார். அறுக்கிறவன் வயல் ஓரத்தை ஒட்ட அறுக்கக் கூடாது. கையிலிருந்து கீழே விழுந்ததைத் திரும்பிப் போய்ப் பொறுக்கக் கூடாது. ஓரமும் விழுந்ததும் இல்லாதவனுக்குச் சொந்தம். அது பிச்சை இல்லை, அவன் பாத்தியதை.

ஆல்வின் முன் பெஞ்சில் தலையைத் தலையை ஆட்டினார். நான் மூன்றாவது பெஞ்சில் இருந்து பார்த்தேன், அந்த ஆட்டலில் கழுத்து சுளுக்கியிருக்க வேண்டும். சபையும் ஆமென் என்றது. நாங்கள் எதற்கும் ஆமென் சொல்வோம்.

கிறிஸ்டினா ஒருத்திதான் அதைக் காதில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

அடுத்த வெள்ளி, ஸ்க்ராப் ரூம். வெளியே வெயில் தார் ரோட்டை உருக்கிக்கொண்டிருந்தது. உள்ளே தகரக் கூரைக்கு அடியில் பசையும் தோலும் மனித வேர்வையும் சேர்ந்து கொதித்தன. எதிரில் பட்டம்மாள். கிறிஸ்டினாவுக்கு ஒரு வருஷம் மூத்தவள், வீட்டில் கோழி வளர்ப்பவள், வாய் மூடத் தெரியாதவள். அவள் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பாள், கிறிஸ்டினா இழுப்பாள். ஆல்வின் போனில் வீடியோ பிடித்து முடித்து, கடைசிப் பத்துப் பதினைந்தை "நீங்களே முடிச்சிடுங்க" என்று விட்டுப் போனார்.

ஒரு ஜோடியைக் கையில் வாங்கிய கிறிஸ்டினா நிறுத்திவிட்டாள்.

"இன்னாமே நிறுத்திட்ட?"

"இது என் தையலு பட்டம்மா."

"எல்லாத்துலயும்தான் எவளோ தச்சிருக்கா."

"இல்ல. திரும்பற எடத்துல ஒரு தையல் பின்னால போய் முன்னால வரும் பாரு. நான்தான் அப்பிடி போடுவேன். வேற எவளும் போட மாட்டா. லைன வுட்டுத் தூக்கறதுக்கு முன்ன தச்சது. கிடங்குல கெடந்து இப்ப வந்துகீது." வளைந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினாள். "இது பிரியாது. பத்து வருஷம் ஆனாலும் பிரியாது. அதுக்குத்தான் ரிஜக்ட் பண்ணிகீறாங்க, ஒரு தையல் ஜாஸ்தின்னு."

"கம்மியா இருந்தாலும் தப்பு, ஜாஸ்தியா இருந்தாலும் தப்பு. இவனுங்களுக்கு மாமியார் உத்தியோகம் குடுக்கலாம். அறுத்துட்டு எழுந்திரு, மணியாவுது."

"அறுக்க மாட்டேன். இத கோயிலுக்குக் குடுக்கப் போறேன். முதல் பலன்."

பட்டம்மாள் வாயடைத்துப்போனாள். ஆம்பூர் சரித்திரத்தில் அது ஒரே ஒரு தடவைதான் நடந்திருக்கிறது.

"திருட்டுமே அது."

"குப்பையில போடறதுக்குத்தான் கிழிக்கறாங்க. குப்பைய எடுத்தா திருட்டா? கீழ விழுந்தது இல்லாதவனுக்குன்னு சட்டம் கீதாம். பாஸ்டரு சொன்னாரு. நம்ம கம்பெனியில விழுந்தத எவனும் எடுத்துடக் கூடாதுன்னு கிழிச்சிப் போடறாங்க. அதுக்கு நான் கத்தி புடிக்கிறேன்."

"மாட்டுனா வேல போயிடும்."

"தெரியும்."

பையோடு வெளியே போனால் சோதிப்பார்கள். அதனால் காலில் போட்டுக்கொண்டாள். ஆண்பிள்ளை ஷூ, ஒன்பதாம் நம்பர். கிறிஸ்டினாவின் கால் ஐந்து. ஒவ்வொரு ஷூவுக்குள்ளும் இன்னொரு கால் வைக்க இடம் இருந்தது. புடவையை இறக்கிக் கட்டிக்கொண்டு, செருப்பைப் பட்டம்மாள் பையில் போட்டுவிட்டு, கப்பலிலிருந்து இறங்குகிற கேப்டன் மாதிரி கேட்டுக்கு நடந்தாள்.

கேட்டில் பெண்களைச் சோதிக்கிறவள் வஜீதா.

"இன்னா கிறிஸ்டினா அக்கா, நட ஒரு மாதிரியா கீது?"

"கால் வீங்கிடுச்சி வஜீதா."

வஜீதா குனிந்து பார்த்தாள். புடவைக் கரைக்குக் கீழே பழுப்பு மூக்கு இரண்டு எட்டிப் பார்த்தன.

"யா அல்லா. வீக்கத்துக்கு லேஸ் வேற கட்டிகீதே."

கிறிஸ்டினா அந்த மூக்கு இரண்டையும் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள். பின்னால் நூறு பெண்கள் வரிசை. வஜீதா வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு நிமிர்ந்தாள். போன வருஷம் அவள் தம்பி மகன் பள்ளிக்கூடத்துக்கு ஷூ இல்லாமல் வெளியே நின்றதும், அதே வாரம் ஒரு லாரி நிறையக் கிழித்த ஷூ கேட்டைத் தாண்டிப் போனதும் அவளுக்கு ஞாபகம் இருந்திருக்கலாம்.

"வெந்நீ ஒத்தடம் குடு அக்கா. சீக்கிரம் போ, நிக்காத."

ஞாயிற்றுக்கிழமை. எல்இடி திரையில் ஆசீர்வாதம் வழிந்தது. பூசணிக்காய் இந்த முறை இருபத்திரண்டு. பாஸ்டரின் பிரசங்கத்துக்குக் கிடைத்த பலன், கடைக்காரன் சுண்ணாம்புக் குறியை எல்லாரும் கழுவிவிட்டுக் கொண்டுவந்திருந்தார்கள். ஏலம் போடுவது வழக்கம்போல ஜான்சன். மைக் கையில் கிடைத்தால் அவன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன் என்று யார் சொன்னாலும் நம்பக் கூடாது.

ஒரு எலுமிச்சம்பழம் நாலாயிரத்துக்குப் போனது. எடுத்தவர் அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து செல்ஃபி எடுத்துக்கொண்டார். ஒரு பூசணிக்காய் பதினோராயிரம். வெளியே வாசலில் பிச்சையெடுப்பவர் அதைப் பார்த்து மயங்கி விழுந்ததாகச் சொல்வேன், உண்மையில் அவர் தூங்கிக்கொண்டிருந்தார். எடுத்த பொருளைத் திருப்பிக் கொடுத்தால் மறு ஏலம். பெயர் திரையில் இரண்டு தடவை வரும். ஏழைக்கு என்று ஒன்றும் போகவில்லை. வசூல் முழுக்க ஏசிக்கு. சங்கீதம் பாடும்போது எங்களுக்கு வேர்க்கக் கூடாதல்லவா.

"அடுத்தது... ஒரு மூட்டை!" என்றான் ஜான்சன்.

தேங்காய்ப்பூத் துண்டில் சுற்றிய மூட்டை. பிரிக்கக் கை வைத்தவன் ஒரு நொடி நின்றான். துண்டு அவனுடையது. பிரித்தான். ஷூ. திரும்பி மனைவியைப் பார்த்தான். அவள் தலை குனியவில்லை. நேராக அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வருஷத் தாம்பத்தியத்தில் அதற்குமேல் பேச வேண்டியதில்லை.

தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"முதல் பலன்! இந்த பீடத்து மேல கீறதுல ஆம்பூர்ல வெளஞ்சது இது ஒண்ணுதான்! கையால தச்சது! சைஸ் ஒன்பது! இன்னா விலைக்குக் கேக்கறீங்க?"

கேமராக்காரர் ஷூவின் நாக்கை நெருங்கிப் படம் பிடித்தார். பொன் எழுத்து எல்இடி திரையில் பத்தடிக்கு விரிந்தது. நேரலை. உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், பையர் உட்பட. ஆல்வின் முகத்தில் இருந்த ரத்தம் முழுக்க எங்கோ இறங்கிப் போனது.

"ஆயிரம்!" என்று எழுந்தார்.

சபை திகைத்தது. ஆல்வின் ஏலத்தில் வாய் திறப்பது அபூர்வம். போன வருஷம் ஒரு முட்டை எடுத்தார், அதையும் பேரம் பேசி.

"ரெண்டாயிரம்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். இஷ்தியாக் அகமது. தோல் துண்டு வியாபாரி. வருஷா வருஷம் எங்கள் ஏலத்துக்குச் சேவல் எடுக்க வருவார். நாக்கைப் பார்த்ததுமே அவருக்குக் கதை புரிந்துவிட்டது, தாடிக்குள் சிரிப்பு.

"அஞ்சாயிரம்!"

"பத்து, ஆல்வின் பாய்!" என்றார் இஷ்தியாக்.

"இருபது! ஜான்சன், முடி!"

"முடிக்கறேன் சார். இருபதாயிரம், ஒரு தரம்." ஜான்சன் தண்ணீர் குடித்தான். மூடியை நிதானமாகத் திருகினான். "இருபதாயிரம், ரெண்டு தரம்."

"மூணுன்னு சொல்லுய்யா!"

"இருபதாயிரம்... ரெண்டே கால் தரம்."

சபை கொல்லென்று சிரித்தது. குழந்தைகள் கைதட்டின.

"இருபத்தஞ்சி" என்றார் இஷ்தியாக், யாரோ கேட்டுக்கொண்ட மாதிரி.

"முப்பது!" ஆல்வின் குரல் கிழிந்தது.

"முப்பதாயிரம். ஒரு தரம். ரெண்டு தரம். ரெண்டரை தரம். பாருங்க, ஜோரான தையலு, திரும்பற எடத்துல ஒண்ணு ஜாஸ்தி... ரெண்டே முக்கால் தரம்..."

ஆல்வினால் அதற்குமேல் நிற்க முடியவில்லை. பீடத்துக்கு ஏறி வந்து ஷூவைப் பறித்தார். கரும்பு நறுக்க வைத்திருந்த கத்தியை எடுத்தார். ஷூவை இடது முழங்கையால் பீடத்தில் அழுத்திக்கொண்டு, அந்தக் கையில் போனைத் தூக்கி, வெள்ளிக்கிழமை வழக்கப்படி வீடியோவை ஓடவிட்டார். நுனியிலிருந்து குதிகால் வரை, சர்ர். இன்னொன்று, சர்ர். வாராவாரம் பார்த்தே பழகிப்போன கை. கிழித்ததைப் போனுக்கு நேராகத் திருப்பித் திருப்பிக் காட்டினார். பிறகு பலிபீடத்துப் படியில் வீசினார்.

அந்தச் சத்தம் மைக்கில் விழுந்து எட்டு ஸ்பீக்கரிலும் வந்தது. கூட்டத்தில் பாதிப்பேர் அந்தக் கம்பெனியில் வேலை செய்கிறவர்கள். வாராவாரம் கேட்கிற சத்தம்தான். ஆனால் சிலுவைக்கு முன்னால் கேட்டபோது முன் பெஞ்சில் ஒரு அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏலம் முடியலியே, பாய்" என்றார் இஷ்தியாக். இப்போது சிரிக்கவில்லை. "மூணாந் தரம் சொல்லல. இன்னும் அது உங்க பொருள் இல்ல. கோயிலுக்கு வந்த பொருள கிழிச்சிட்டீங்க."

ஆல்வின் பாஸ்டர் பக்கம் திரும்பினார். "பாஸ்டர், இது கம்பெனி சொத்து. திருடிக் கொண்டாந்திருக்காங்க. யாருன்னு எனக்குத் தெரியும்."

கையால் செய்ததைக் கொண்டுவரச் சொன்ன பாஸ்டர் ஷூவைப் பார்த்தார். ஆல்வினைப் பார்த்தார். திரையில் ஓடிய ஏசியைப் பார்த்தார். "எழுந்து நின்று ஜெபிப்போமா" என்றார்.

யாரும் எழுந்திருக்கவில்லை.

கிறிஸ்டினா ஒருத்தி எழுந்தாள். நடைபாதையில் வெறுங்காலோடு நடந்து வந்து, படியில் கிடந்த நாலு துண்டுகளையும் பொறுக்கி முந்தானையில் போட்டாள்.

"அத எடுக்காத" என்றார் ஆல்வின். சிஸ்டர் போய்விட்டது. "ஏம்மா, உன்னத்தான். எடுத்தேன்னா நாளைக்கு கேட்டுக்குள்ள வர முடியாது. இந்தப் பேட்டையில எந்தக் கம்பெனியிலயும் முடியாது. வெச்சிட்டுப் போனா, நடந்தத மறந்துடறேன். வெள்ளிக்கிழம வந்து வேலையப் பாரு."

"வெள்ளிக்கிழம வந்து இத மாதிரி நூறு கிழிக்கணும். இல்லியா சார்?"

"வேலன்னா அதான்."

"கீழ விழுந்தது சார் இது. நீங்க திரும்பி வந்து எடுக்கக் கூடாது." துண்டுகளை முந்தானையில் முடிந்துகொண்டாள். முடிச்சு இரண்டாவது தடவைதான் விழுந்தது. "நான் நாளைக்கு வரல."

ஜான்சன் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான். வாணியம்பாடி வரை கேட்கிற தொண்டை இந்தத் தடவை தாழ்ந்தே பேசியது.

"அறுத்துப் போட்ட ஷூ, ஒரு ஜோடி" என்றான். "முப்பதாயிரம் கேட்டவரு பொருளக் கெடுத்துட்டாரு. அது செல்லாது. இப்ப கேக்கறது கிறிஸ்டினா. விலை, இருபது வருஷத்து வேல. அதுக்கு மேல கேக்கறவங்க யாருனா உண்டா?"

ஃப்ரிட்ஜ் கடைக்காரர் செருமினார். பக்கத்திலிருந்தவர் அவர் தொடையைத் தட்டி அடக்கினார்.

"ஒரு தரம்."

ஆல்வின் போனைப் பையில் வைத்தார்.

"ரெண்டு தரம்."

இந்தத் தடவை கால் இல்லை, அரை இல்லை.

"மூணு தரம்."

அவள் முந்தானையோடு தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். ஜான்சன் துண்டால் முகத்தைத் துடைத்தான். ஷூ சுற்றி வந்த அதே துண்டு, புதுத்தோல் வாசனை அதில் இன்னும் இருந்திருக்கும்.

"அடுத்தது, பட்டம்மா குடுத்த சேவலு" என்றான். "உசுரோட கீது. யாரு கேக்கறீங்க?"